கஸ்பார் மச்சாதுவுக்கு ஒரு தும்பா

செத்திருக்க வேண்டும், அந்த யுத்தத்திலேயே கப்பலோடு கப்பலாகச் செத்துப்போயிருக்க வேண்டும் என்று ஒரு மகன் தன் தகப்பனைப் பற்றி வேண்டிக்கொள்ளலாமா கூடாதா என்று எங்கள் பங்குச் சாமியாரிடம் கேட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு அவருக்கு ஒரு விஷயம் கிடைத்திருக்கும், அதனாலேயே கேட்கவில்லை, கேட்காமலே தூத்துக்குடியிலிருந்து வந்து சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய இந்த ஆபீஸ் மாடியில் முதுகு சாய வழியில்லாத பெஞ்சில் உட்கார்ந்து அதைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். பழைய கப்பல்காரர்களின் பதிவு அட்டைகள் உள்ளே ஒரு குடோனில் கிடக்கின்றனவாம். திலகவதி என்று மேஜையில் பெயர்ப்பலகை வைத்திருக்கும் அம்மா நான் எழுதிக் கொடுத்த தாளை வாங்கி, கஸ்பார் மச்சாது, தகப்பன் பெயர் சூசை மச்சாது, ஊர் தூத்துக்குடி என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய்விட்டுப் படித்துவிட்டு, "எந்த வருஷம் சார் கப்பல்ல ஏறுனாரு?" என்றாள். நாற்பத்திரண்டு என்றேன். "அய்யோ, ரொம்பப் பழசாச்சே. தேடச் சொல்றேன், கெடச்சா உங்க அதிர்ஷ்டம்" என்று எழுந்து போனவள்தான். அதிர்ஷ்டமாம். செத்த சேதி கிடைத்தால் அதிர்ஷ்டமா, சாகவில்லை என்ற சேதி கிடைத்தால் அதிர்ஷ்டமா, அதைச் சொல்லவில்லையே தாயி. மின்விசிறி கரக் கரக் என்று சுற்றுகிறது, காற்று மட்டும் வேறு யார் வீட்டுக்கோ போகிறது. இருமல் வருகிறது, அடக்கினால் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. வியாழக்கிழமை அந்த நெஞ்சுக்குள்தான் குழாய் விட்டுத் துண்டு எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். என் மகள் ரெஜினா, "சும்மா டெஸ்டுதாம்ப்பா" என்கிறாள், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பித்தானைப் பார்த்துச் சொல்கிறாள், அதிலேயே ரிசல்ட் தெரிந்துவிட்டது. காலையில் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "இந்த வயசுல எதுக்குப்பா இது, போனவரு போனவருதானே" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். போனவர் போனவர்தான், எங்கே போனவர் என்பதுதானே கேள்வி. எனக்குப் பயமாக இருக்கிறது. சாவுக்கு என்று சொன்னால் பொய், சாவுக்கு மட்டும் என்று சொன்னாலும் பொய். செத்து அங்கே போய் நான் அவரைத் தேட வேண்டுமா, தேடினால் எந்தப் பக்கம் தேட வேண்டும், பார்த்தால் அடையாளம் தெரியுமா. முகம் தெரியாது எனக்கு. "ஏல, நடக்கதப் பாரு, அப்படியே கஸ்பாரு" என்று தெருவில் பெரியவர்கள் சொல்வார்கள், ஆக என் நடையை நானே பின்னாலிருந்து பார்த்தால்தான் என் தகப்பனைப் பார்க்க முடியும், அது நடக்கிற காரியமா.

நான் அம்மா வயிற்றில் ஐந்து மாதம், அப்போது அவர் போனார். கொழும்புக்குத் தோணியில் போய்வந்து கொண்டிருந்த ஆள், யுத்தத்தில் தோணி ஓட்டம் படுத்துவிட, வெள்ளைக்காரன் சரக்குக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறான் என்று மெட்ராஸ் போய் ஏறிவிட்டார். எங்கள் தெருவில் இன்னொரு ஆள் அவரைக் கல்கத்தாவில் கப்பல் மேல்தட்டில் பார்த்ததாக வந்து சொன்னார், அவ்வளவுதான், அதற்கப்புறம் கிணற்றில் போட்ட கல். அப்படி எத்தனையோ வீடு உண்டு எங்கள் ஊரில், பரதவருக்குக் கடல் விழுங்குவது புதுசா என்ன. உடல் வராத சாவுக்கும் எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. வருஷம் பார்ப்பார்கள், காத்திருப்பார்கள், பிறகு ஒருநாள் கோயிலில் துக்கமணி அடிக்கச் சொல்லி, பீடத்துக்கு முன்னால் தும்பா வைப்பார்கள், கறுப்புத் துணி போர்த்திய வெறும் பெட்டிதான் தும்பா, உள்ளே ஒன்றும் இராது, நான்கு பக்கமும் மெழுகுதிரி எரியும், சாமியார் பூசை வைத்து அந்த வெறும் பெட்டிக்குத் தீர்த்தம் தெளிப்பார், பெண்கள் அதைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அழுது முடித்தால் ஆள் செத்தாயிற்று, வீடு வீடாயிற்று, இனி அவர் பேரைச் சொல்லிப் பூசை வைக்கலாம், செபிக்கலாம், கல்லறைத் திருநாளுக்குப் பேரை எழுதிக் கொடுக்கலாம். என் அம்மா பிரகாசி வைக்கவில்லை. வைக்கவும் விடவில்லை. யுத்தம் முடிந்து சமாதானம் வந்து, வெள்ளைக்காரன் போய், எட்டு வயதில் எனக்கு முதல் நற்கருணை, அதுதான் புதுநன்மை, கொடுத்து, அத்தை வந்து வாசலில் உட்கார்ந்து, "மதினி, எங்கண்ணன் ஆத்துமா கெடந்து தவிக்கும், ஒரு தும்பாவ வச்சி விடுங்க" என்று அழுதபோதுகூட அம்மா புடைத்துக்கொண்டிருந்த அரிசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆளு உசுரோட இருக்கயில தும்பா வச்சா அது ஆள இழுத்துக்கிடும். அவிய வருவாவ" என்றாள். அவிய வருவாவ. எங்கள் வீட்டில் உப்பு, புளி மாதிரி அதுவும் தினசரி உண்டு. தாலியோடு இருந்தாள், பூ வைத்தாள், நடுத்தெருவில் நிமிர்ந்து நடந்தாள், பின்னால் சிரித்தவர்கள் சிரித்தார்கள்.

அதனால் நடந்தது என்னவென்றால் எங்கள் வீட்டில் யாரும் அவர் ஆத்துமாவுக்காக ஒரு அருள்நிறை மந்திரம்கூடச் சொன்னதில்லை. ஞானோபதேச வகுப்பில் கன்னியாஸ்திரி சொல்லிக் கொடுத்தது எனக்கு இன்னும் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது, மோட்சம் போகுமுன் பாவம் கழிக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கும் ஆத்துமாக்கள் தங்களுக்காகத் தாங்களே செபிக்க முடியாது, பூமியில் இருக்கிற தங்கள் சொந்தக்காரர்கள் செபித்தால்தான் வேதனை குறையும். அன்றைக்கு ஓடிவந்து அம்மாவிடம், அப்பா அங்கே இருந்தால் என்னம்மா செய்வது என்று கேட்டேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது. அதற்குமேல் கேட்கவில்லை, கேட்காத கேள்வி போய்விடுமா, உள்ளே கிடந்து வளரும். கல்லறைத் திருநாள் பூசையில் பேர் வாசிப்பார்கள், ஒவ்வொரு வீட்டுப் பேராக, பெர்னாந்து வீட்டார், கொரேரா வீட்டார், மச்சாது வீட்டார் என்று எங்கள் வரிசை வரும், சூசை மச்சாது, அவர் மனைவி, பாலகனாய்ச் செத்த இன்னாசி, அப்புறம் அடுத்த வீடு. ரேஷன் கடையில் பேர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து போவதுபோல அங்கேயும் எழுந்து போவார்கள் என்று நினைத்துக்கொள்வேன், எல்லாரும் போனபிறகு முகமில்லாத ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்து அடுத்த வருஷத்துக்குக் காத்திருப்பார். தாகமாக இருக்கும் அவருக்கு. அங்கே தண்ணீர் கிடையாது. அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றுகொண்டு அந்தப் பேரை நானாகச் சொல்லிவிடலாமா என்று வாய் துடிக்கும், சொன்னால், ஒருவேளை உயிரோடு எங்கேயோ இருக்கிறவரை நானே கொன்றுவிட்டால்? வாயைக் கடித்துக்கொள்வேன். இந்த மாதிரி ஒரு முடிச்சு வேறு எந்தச் சாதிப் பிள்ளைக்காவது விழுந்திருக்குமா தெரியவில்லை, செபித்தால் கொலை, செபிக்காவிட்டால் சித்திரவதை.

உயிரோடு இருக்கிறார் என்றால் மட்டும் என்ன வாழ்ந்தது. அதற்கும் தெருவில் கதை வைத்திருந்தார்கள். ரங்கூனில் ஒரு பர்மாக்காரியோடு இருக்கிறார், இல்லை லிவர்பூலில் வெள்ளைக்காரியோடு இருக்கிறார், பிள்ளைகளெல்லாம் பூனைக்கண்ணாம். பள்ளிக்கூடத்தில் ஒருவன், "ஏல தொம்மை, ஒங்க தம்பிமாருக்கு இங்கிலீசு நல்லா வருமாமே" என்றான், அவன் மூக்கை உடைத்தேன். சின்ன வயதில் உத்தரிக்கிற ஸ்தலத்தை விட லிவர்பூல் தேவலை என்று இருந்தது, தகப்பன் எங்கேயாவது குளிருக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும். கல்யாணமாகி ரெஜினா பிறந்த பிறகு அது அப்படியே மாறிவிட்டது. பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பேன், இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தும் ஒருத்தன் வராமல் இருப்பானா, இருக்கமாட்டான், ஆகவே செத்திருக்கிறான், செத்துத்தான் இருக்கவேண்டும். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. அம்மா போனது எழுபத்தெட்டில். படுக்கையில் கிடந்தும், "அவிய வந்தா மொதல்ல சோத்தப் போடு, சண்டை பெறவு போடலாம்" என்றாள். அவளை அடக்கம் பண்ணிய கையோடு தும்பா வைத்திருக்கலாம், யார் தடுக்கப் போகிறார்கள், சாமியாரே கேட்டார். ஆனால் அவள் உயிரோடு இருந்தபோதாவது எதிர்த்துப் பேசலாம், செத்தவளோடு எப்படி மல்லுக்கட்டுவது. காகிதத்தில் ஒரு வரி இருந்தால் போதும், இன்ன கப்பல், இன்ன தேதி, மூழ்கியது என்று, அதைக் காட்டி அம்மாவுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு ஊருக்குப் போய் மணியடிக்கச் சொல்வேன், வியாழக்கிழமை என்ன வந்தாலும் வரட்டும். எனக்குப் பிறகு அந்தப் பேரை வைத்துக்கொண்டு தவிக்க ஆள் இல்லை. ரெஜினாவுக்கு அது வெறும் பேர். மாதாவே, நாற்பத்திரண்டு, இல்லையென்றால் நாற்பத்து மூன்று, அதற்குமேல் வேண்டாம்.

"மச்சாது சார், வாங்க" என்கிறாள். பெஞ்சிலிருந்து எழுந்திருக்கக் கால் மரத்துப்போயிருக்கிறது. மேஜையில் நாடா கட்டிய கட்டு, பிரித்தால் தூசி, இருமுகிறேன், அவள் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளுகிறாள். "இதே பேருல ரெண்டு பேர் இருக்காங்க சார். இவருக்கு இடது கைல சிலுவை பச்ச குத்தியிருக்குதுன்னு போட்டிருக்கு." இவர்தான். அந்தச் சிலுவையைப் பற்றி அம்மா சொல்லியிருக்கிறாள், சொன்ன ஒரே ஒரு அங்க அடையாளம் அதுதான், வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். பழுப்பு அட்டை, ஓரம் பொடிந்திருக்கிறது, மேலே கட்டைவிரல் ரேகை, ஊதா நிறம் மங்கி. ரேகைக்குள் குறுக்கே ஒரு வெட்டுக் காயம், நடுவில் கோடு விழுந்திருக்கிறது. இதுதான் நான் பார்த்த என் தகப்பனின் உடம்பு. அதன்மேல் விரல் வைக்கலாமா என்று யோசித்து வைக்கவில்லை. முதல் வரி நாற்பத்திரண்டு, மெட்ராஸில் ஏறினார், தீயறை வேலை, சரி. இறங்கியது கல்கத்தா, சரி. இரண்டாம் வரி, ஏறியது கல்கத்தா, இதிலேதான் முடியும், இதிலேதான் மூழ்கும். மூழ்கவில்லை. இறங்கியது டர்பன். மூன்றாம் வரி. கப்பலின் பேரெல்லாம் படிக்கமுடியவில்லை, எனக்குத் தேவையும் இல்லை, கண் கடைசிக் கட்டத்துக்கு ஓடுகிறது, மரணம் என்ற சொல்லைத் தேடி ஓடுகிறது, அங்கே நடத்தை, மிக நன்று, நடத்தை, மிக நன்று என்று வரிசையாக முத்திரை. நாற்பத்தாறு. யுத்தம் முடிந்தாயிற்று, இன்னும் சாகவில்லை. இறங்கியது மெட்ராஸ். மெட்ராஸா? இன்னொரு தடவை படிக்கிறேன். இதே ஊர், இதே துறைமுகம், இந்த ஜன்னலுக்கு வெளியே கிரேன் நிற்கிறதே அங்கே. சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் தூத்துக்குடி. அடுத்த வரி, ஏறியது மெட்ராஸ். அடுத்தது இறங்கியது மெட்ராஸ். ஐம்பது, எனக்குப் புதுநன்மை கொடுத்த வருஷம், இறங்கியது மெட்ராஸ். ஐம்பத்தெட்டு, பள்ளி முடித்தேன், இறங்கியது மெட்ராஸ். லிவர்பூலும் இல்லை ரங்கூனும் இல்லை, அடப்பாவி, இங்கேயே, நான் தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சு வேலையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து மெட்ராஸ் துறைமுகத்துக்கு டிரங்கால் போட்டுக் கொடுத்த நாளிலெல்லாம் இங்கேயே ஏறி இறங்கிக்கொண்டு, மிக நன்று, மிக நன்று. எவன் பார்த்தான் இவர் நடத்தையை? தீயறையில் கரி அள்ளியதைப் பார்த்து எழுதியிருக்கிறான். எங்கள் தெருவுக்கு வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஏன் என்று ஒரு கட்டமும் இந்த அட்டையில் இல்லை. இன்னொருத்தி இருந்தாளா, குடியா, வெறுங்கையோடு வர வெட்கமா, முதல் தடவை வராமல் விட்டது இரண்டாம் தடவைக்குக் கஷ்டமாகி, மூன்றாம் தடவைக்கு முடியாமலே போய்விட்டதா, எனக்கு அது தெரியும், ஒரு கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டால் அப்புறம் அந்த ஆளைக் கண்டால் எதிர்த்த தெருவில் போகத் தோன்றும், ஆனால் அது கடிதம், இது பெண்டாட்டி பிள்ளை. அம்மா சொன்னது சரிதான். இது ஏன் இவ்வளவு நேரம் கழித்து எனக்கு உறைக்கிறது. அவிய உசுரோட இருக்காவ என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர் உயிரோடுதான் இருந்தார், ஊரே சிரித்தது, அத்தை அழுதாள், நான் பல்லைக் கடித்தேன், அவள் ஒருத்தி மட்டும் சரியாகச் சொல்லிக்கொண்டு இருந்தாள், சரியாகச் சொன்னதற்கு அவளுக்குக் கிடைத்தது என்ன. அம்மா, அம்மா. நல்லவேளை நீ இதைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் என்ன சொல்வாய், பாத்தியா நாஞ் சொல்லல என்றுதான் சொல்வாய், நீ அப்படித்தான். கண்ணீர் அட்டையில் விழப்போகிறது, தலையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறேன். "சார், உக்காருங்க சார்" என்று திலகவதி நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். "கடைசி வரி பாத்தீங்களா?" பார்க்கவில்லை. அறுபத்தாறு. இறங்கியது மெட்ராஸ், நோயாளியாக. நுரையீரல். ஆஸ்பத்திரியில் மரணம். நுரையீரலா, அதை மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் மகராசன். அதற்குக் கீழே, நெருங்கிய உறவினர் என்ற கட்டத்தில், யாருமில்லை.

யாருமில்லை. மூழ்கிப்போனார் என்று எழுதியிருக்கும் என்று வந்தேன், யாருமில்லை என்று எழுதியிருக்கிறது. குமாஸ்தா கேட்டிருப்பான், கட்டிலில் கிடந்தவர் சொல்லியிருப்பார். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது, சம்பளக்காரன், ரயிலில் ஒரு ராத்திரி தூரம், ஒரு தந்தி கொடுத்திருந்தால், ஒரு தந்திகூட வேண்டாம், டிரங்கால் போட்டிருந்தால் நானே எடுத்திருப்பேன். கிடக்கட்டும். உத்தரிக்கிற ஸ்தலத்திலேயே கிடக்கட்டும். தும்பாவாவது பூசையாவது, யாருமில்லாத ஆளுக்கு யார் தும்பா வைப்பார்கள், தகப்பன் அவராகவே அறுத்துக்கொண்ட பிறகு மகன் போய் எதைப் பிடித்துக்கொண்டு அழுவது. எழுந்து போய்விடலாம். ரெஜினாவிடம் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். யாருமில்லாத, யாருமில்லாத, இந்தச் சொல் ஏன் நாக்கில் இப்படிப் பழக்கமாகப் புரள்கிறது, தானாக அடுத்த சொல் வருகிறது, யாருமில்லாத ஆத்துமாக்களுக்காக. மாதாவே. செபமாலை முடிந்து, பிரார்த்தனை முடிந்து, எல்லாரும் எழுந்திருக்கப் போகும்போது அம்மா சொல்வாள், உட்காருல, இன்னும் ஒண்ணு இருக்கு. வேண்டிக்கொள்ள யாருமில்லாத ஆத்துமாக்களுக்காக ஒரு பரலோக மந்திரம். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு, கடைசிச் செபம், தூக்கக் கலக்கத்தில் வாய் மட்டும் சொல்லும், யாரும் அதை ஒரு செபமாகவே எண்ணுவதில்லை, நானும் எண்ணியதில்லை. அறுபத்தாறிலிருந்து அவள் போகும்வரை ஒவ்வொரு நாளும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன், அவள் போன பிறகு என் வீட்டுக்காரியோடும் ரெஜினாவோடும் சொல்லியிருக்கிறேன், நேற்றுகூட மகள் வீட்டில் தனியாக உட்கார்ந்து சொன்னேன். அவரே யாருமில்லை என்று எழுதிவைத்தார் என்றால் அவர் அந்தக் கணக்கில்தான் வருகிறார், வேறு எந்தக் கணக்கில் வருவார். ஒரு நாள் தவறியதில்லை. பேர் வாசிக்காத வரிசையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார் என்று பயந்தேனே, வாய் வறண்டு உட்கார்ந்திருந்தார் என்று, அவருக்குத் தினம் ஒன்று போயிருக்கிறது, என் வாயாலேயே போயிருக்கிறது, அனுப்பினவனுக்குத் தெரியாது, வாங்கினவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. தெரிந்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார். படட்டும். நன்றாகப் படட்டும். கோபம் போகவில்லை எனக்கு, போகும் என்றும் தோன்றவில்லை, ஆனால் ஏதோ ஒரு இடத்தில் பாரம் இறங்கிவிட்டது, அழுகை மட்டும் நிற்கமாட்டேன் என்கிறது, எழுபது வயது தாண்டிய கிழவன் அந்நியப் பெண்பிள்ளைக்கு முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறேன். அவள் அட்டைக் கட்டை மறுபடி நாடாவால் கட்டுகிறாள், அவர் அட்டையை மட்டும் வெளியே வைத்திருக்கிறாள். "நகல் வேணும்னா தரலாம் சார், இறந்து போனவருக்கு நீங்க என்ன வேணும்னு நான் எழுதணும். இதுல பாத்தா யாருமில்லைன்னு போட்டிருக்கே?" கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைக்கிறேன். குரல் வருமா என்று ஒருதரம் கனைத்துப் பார்க்கிறேன், வருகிறது. "அது அவரு சொன்னது தாயி," என்கிறேன், "அவருக்கு ஆளு இருக்கு. மகன்னு எழுதுங்க."